கராஜ் வாசல்: எம்.ஜி.பி. கிளச்சுக்கு நட் எங்கே?

(வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திருகோணமலையில் நாற்பது வருடமாகப் பழைய கார் திருத்தும் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: ஐயா, என்னிடம் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்று இருக்கிறது. மாமா வாங்கியது. இருபது வருடத்துக்கு மேல் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்தது. இரண்டு வருடம் செலவழித்துத் திருத்தி, பெயின்ட் அடித்து, இப்போதுதான் றோட்டுக்கு எடுத்தேன். கிளச் பிளேட், பிரெஷர் பிளேட், கார்பன் எல்லாம் புதிது. மேல் பம்ப், கீழ் பம்ப் இரண்டுக்கும் உள்ளே ரப்பர் கிட் மாற்றியாயிற்று. ஆனால் ரிவேர்ஸ் போட்டால் பல் உரசிக் கத்துகிறது. முதலாம் கியரும் சில வேளை அப்படித்தான். பெடலை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தாலும் கார் மெல்ல நகரப் பார்க்கிறது. கிளச் அட்ஜஸ்ட் பண்ணும் நட்டைத் தேடிக் களைத்துவிட்டேன். ஒரு மெக்கானிக், கீழ் பம்பின் ராடை வெட்டி நீளம் கூட்டி ஒட்டலாம் என்கிறார். இன்னொருவர் எஞ்சினை இறக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, ராடை வெட்டவும் வேண்டாம், எஞ்சினை இறக்கவும் வேண்டாம். முதலில் ஓர் இரும்பு அடிமட்டம் எடுங்கள்.

நீங்கள் தேடிய நட் அந்தக் காரில் இல்லை. இருக்கும் என்று நினைத்தது உங்கள் பிழையும் இல்லை. இந்த ஊரில் என் வயதுக்காரர் எல்லோரும் மொரிஸ் மைனரில்தான் வேலை பழகினோம். அதில் பெடலிலிருந்து கிளச்சுவரை இரும்புக் கம்பியும் நெம்புகோலும். தேயத் தேய நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். எம்.ஜி.பி. அப்படியில்லை, அது ஓயிலில் வேலை செய்கிற கிளச். பெடல் மேல் பம்பைத் தள்ளும், ஓயில் குழாய் வழியாக வந்து கீழ் பம்பின் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ராடைத் தள்ளும், ராட் கவையைத் தள்ளும், கவையில் இருக்கும் கார்பன் வளையம் போய் பிரெஷர் பிளேட்டை அழுத்தும். கீழ் பம்புக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது. அது பிஸ்டனை எப்போதும் லேசாக வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். பிளேட் தேயும்போது ராட் தானாகவே பம்புக்குள் பின்வாங்கும். அதனால்தான் கொம்பனி அதற்கு நட் வைக்கவில்லை.

இப்போது ராடின் நீளத்துக்கு வருகிறேன். நல்ல மெக்கானிக்மாரும் தடுக்கி விழுகிற இடம் இது. பெடலை ஒருமுறை மிதித்தால் மேலிருந்து ஓர் அளவு ஓயில் கீழே வருகிறது. அந்த ஓயில் பிஸ்டனை எவ்வளவு தூரம் தள்ளுமோ அவ்வளவு தூரம்தான் ராட் ஓடும். ராடை 10 மி.மீ. நீட்டினால், பிஸ்டன் 10 மி.மீ. இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டம் ஒரு நூலளவும் கூடாது. அதோடு நிற்காது. பிளேட் தேயும்போது ராட் பின்வாங்க இடம் வேண்டும் அல்லவா? பிஸ்டன் ஏற்கெனவே பம்பின் அடியில் முட்டிக்கொண்டு நின்றால் அந்த இடம் இல்லை. கார்பன் ஓயாமல் பிரெஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளச் வழுக்கும், கார்பன் எரிந்து தேயும், புதிதாகப் போட்ட பிளேட்டும் சேர்ந்து நாசமாகும். தயவுசெய்து அந்த வெல்டிங் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடிமட்டம் ஏன் என்றால், ஓட்டத்தை அளக்க. காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கியர்ப்பெட்டியின் பக்கத்தில் கீழ் பம்பிலிருந்து ராட் வெளியே வருகிற இடம் தெரியும். கவையின் நுனியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டில் யாரையாவது பெடலை அடிவரை மெல்ல மிதித்துப் பிடிக்கச் சொல்லி, புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அரை அங்குலம், அதாவது 12 அல்லது 13 மி.மீ. வர வேண்டும். 9, 10 என்று நின்றால் கிளச்சுக்குள் குறை தேட வேண்டியதில்லை. குறை வெளியே, பெடலுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. எஞ்சினை இறக்கச் சொன்னவர் இந்த அளவை எடுத்தாரா என்று கேளுங்கள். எம்.ஜி.பி.யில் கிளச் பிளேட்டைப் பார்க்கவே எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். ஐந்து நிமிட அளவை விட்டுவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போகக் கூடாது.

நான் அப்படிப் போனவன். முப்பது வருடத்துக்கு முன், நிலாவெளிப் பக்கமிருந்து இதே மாதிரி ஓர் எம்.ஜி.பி. வந்தது. இதே குறை. சந்தேகமே இல்லாமல் எஞ்சினை இறக்கினேன். உள்ளே பிளேட் நல்லாக இருந்தது, கார்பன் நல்லாக இருந்தது, ஒன்றுமே இல்லை. திரும்பப் பூட்டினேன். ரிவேர்ஸ் போட்டால் அதே சத்தம். அன்று எனக்கு வேலை பழக்கிய பெரியவர் வந்தார். 1957இல் தளம் கைமாறும்வரை வெள்ளைக்காரக் கடற்படையின் கராஜில் வேலை பார்த்தவர். அவர் காருக்குக் கீழே போகவில்லை. பொனெட்டைத் திறந்து, பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றி, பெடலையும் மேல் பம்பின் ராடையும் இணைக்கிற சின்ன ஆணியில் பெருவிரலை வைத்து, மற்றக் கையால் பெடலை அசைத்துக் காட்டினார். பெடல் அசைகிறது, ராட் அசையவில்லை. ஆணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். 5/16 அங்குல ஆணி, உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு விழுந்திருந்தது. பெடலின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவமாக இழுபட்டிருந்தது. அந்த ஆணியை நெடுநாள் வைத்திருந்தேன், வேலை பழக வருகிற பெடியன்களுக்குக் காட்டுவதற்காக.

அவ்வளவு சின்னத் தேய்மானம் எப்படி அவ்வளவு பெரிய குறையாகிறது? கணக்கைப் பாருங்கள். மேல் பம்பின் துளை முக்கால் அங்குலம், கீழ் பம்பின் துளை ஒன்றேகால் அங்குலம். பரப்பளவைக் கணக்கிட்டால், மேலே ராட் 1 மி.மீ. போனால் கீழே 0.36 மி.மீ. மட்டுமே போகும். கீழே 12.7 மி.மீ. வேண்டுமென்றால் மேலே 35 மி.மீ. ஓட வேண்டும். ஆணி, பெடல் ஓட்டை, ராடின் கவைமுனை மூன்றிலும் சேர்ந்து 6 மி.மீ. ஆட்டம் இருந்தால் கீழே 2 மி.மீ.க்கு மேல் தொலைகிறது. 12.7 பத்தரை ஆகிவிடும், கிளச் முழுதாகப் பிரியாது. கீழே கவையில் இருக்கிற ஆணியும் தேயும்தான், ஆனால் அந்தப் பக்கம் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஆட்டத்தை முதலே எடுத்துவிடும். மேலே அப்படியில்லை. பெடலின் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுத்துவைத்திருப்பதால், ஒவ்வொரு மிதியிலும் முதலில் அந்த ஆட்டத்தைக் கடந்த பிறகுதான் ஓயில் அசையத் தொடங்கும்.

உங்கள் காரில் பெடலுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள், ரப்பர் புதிதாகப் போட்டிருப்பார்கள், ஆணி பழையதாக இருக்கும். திருத்திய கார்களில் நான் அதிகம் காண்கிறது இதைத்தான். புது ஆணி போடுங்கள். பெடல் ஓட்டை இழுபட்டிருந்தால் வெல்டிங்கில் நிரப்பி, லேத் பட்டறையில் 5/16க்குத் திரும்பத் துளைக்கக் கொடுங்கள். ராடின் கவைமுனை தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இன்னொன்று, அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது. பெடலின் கீழே இருக்கும் காப்பெட்டை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதிதாகத் திருத்தும்போது தடித்த காப்பெட்டும் அதன் மேல் ரப்பர் விரிப்பும் போட்டுவிடுகிறார்கள். பெடல் ஓர் அங்குலம் முந்தியே முட்டி நின்றுவிடும். காசு செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்யுங்கள்.

ஆணி சரியாகியும் அளவு வராவிட்டால், அடுத்தது ரப்பர் ஹோஸ். நீங்கள் கிட் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், ஹோஸ் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருபது வருடம் கிடந்த ஹோஸ் வெளியே நல்லாகத் தெரியும். அதைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். விரலுக்குள் அது உப்புவது தெரிந்தால், தள்ள வேண்டிய ஓயில் அங்கேதான் தங்குகிறது. உள்ளே ரப்பர் வீங்கித் துவாரம் அடைபட்டால் வேறு மாதிரிக் குறை வரும்: பெடலை விட்டாலும் கிளச் பிந்திப் பிடிக்கும். எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பம்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கிளச் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால், வருடக்கணக்காக அசையாமல் கிடந்த பம்பின் உட்சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். குழி விழுந்த சுவரில் எந்தப் புது ரப்பரும் நிற்காது. பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மேல் பம்ப் உள்ளுக்குள் விடுகிறது. கீழ் பம்பின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் விடுகிறது. அப்படியானால் கிட் போதாது. பம்பைப் புதிதாக எடுக்க வேண்டும், அல்லது லேத்தில் உட்குழாய் ஏற்றி எடுக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய சாமான் கடையில் வாங்குவதென்றால் வாங்க முன்பு ரப்பரைக் கழற்றி உட்சுவரில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஓயிலுக்குள் புகுந்த எயாரை எடுக்கிற விஷயம் இந்தக் காரில் கொஞ்சம் பொறுமை கேட்கும். மேலிருந்து பெடலை அடித்து அடித்து எடுத்தால் குமிழி குழாயின் வளைவுகளில் ஒளிந்துகொள்கிறது. நான் செய்கிற முறை இது. பாமசியில் 50 மி.லீ. சிரிஞ்ச் ஒன்றும், கீழ் பம்பில் எயார் விடுகிற நிப்பிளுக்கு இறுக்கமான ஒளிபுகும் குழாய்த் துண்டும் வாங்குங்கள். கீழ் பம்பைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸை விடாமல், பிஸ்டனைக் கையால் முழுதாக உள்ளே தள்ளிக் கம்பியால் கட்டுங்கள். நிப்பிள் மேலே பார்த்தபடி இருக்கட்டும். இந்த நேரத்தில் பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது. சிரிஞ்சில் புது ஓயிலை எடுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கீழிருந்து மேலாக மெல்லச் செலுத்துங்கள். மேல் தொட்டியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் கறுத்த ஓயில் வரும், பிறகு கடுகு கடுகாகக் குமிழி வரும், பிறகு சத்தமில்லாமல் தெளிந்த ஓயில் ஏறும். குமிழிக்கு மேலே ஏறுவதுதான் இயல்பு, அதன் வழியிலேயே அனுப்பினால் வேலை சுலபம். ஓயில் என்றால் பிரேக் ஓயில், டொட் 3 அல்லது டொட் 4. முந்திய மழைக்கு உடைத்து வைத்த போத்தலில் மிச்சம் இருந்தால் அதை ஊற்ற வேண்டாம்.

எல்லாம் முடிந்து 12 மி.மீ.க்கு மேல் ஓட்டம் வந்துவிட்டால் இப்படிச் சோதியுங்கள். எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது கிளச்சை மிதித்து, பத்து வரை எண்ணி, ரிவேர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் முழுதாகப் பிரிகிறது. பத்து எண்ணிய பிறகும் கத்தினால், அப்போதுதான் உள்ளே பார்க்க வேண்டும். பிளேட் முன்பின் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம், எஞ்சினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் புஷ் கியர்த்தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம். அந்த நிலையில் எஞ்சினை இறக்கச் சொன்னவர் சொல்வது சரி.

முதலாம் கியரைப் பற்றிக் கேட்டீர்கள். 1966 எம்.ஜி.பி.யில் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டுமே சிங்க்ரோ, அதாவது பல் சேர முன்பு வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம், உண்டு. முதலாம் கியருக்கு அது 1967 கடைசியில் வந்த மார்க் டூ மாடலிலிருந்துதான். ஆகவே கார் உருளும்போது ஒன்றைப் போட்டால் உரசும், அது கிளச்சின் குறை அல்ல. நின்றபிறகும் உரசினால், முதலில் இரண்டாம் கியரை ஒருமுறை தொட்டுவிட்டு ஒன்றுக்கு வாருங்கள். இரண்டாவதின் சிங்க்ரோ உள்ளே சுழல்வதை நிறுத்திக் கொடுக்கும்.

சோதனைக்குக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற றோட்டுக்குப் போகாதீர்கள். ஏற்றமும் ஆட்களும் மான்களும், அரைகுறைக் கிளச்சோடு அங்கே நிற்க முடியாது. விடியற்காலை நிலாவெளி றோட்டு நல்லது. அளவு என்ன வந்தது என்று எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மொரிஸ் மைனர் 1000இல் ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறுவதில்லை. கிளச் பெடலில் ஆட்டமே இல்லை, தொட்டவுடன் பாரமாக இருக்கிறது. பிளேட் போய்விட்டதா?
— வாசகர், பாலையூற்று

பதில்: அவசரப்பட்டுப் பிளேட் வாங்காதீர்கள். உங்கள் காரில் நட் இருக்கிறது. பிளேட் தேயத் தேய மைனரின் பெடலில் ஆட்டம் குறைந்துகொண்டு வரும். ஆட்டம் முழுதாகப் போனால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளச் அரைவாசி மிதித்தபடியே நிற்கும். அதுதான் வழுக்குகிறது. கீழே கவைக்குப் போகிற கம்பியின் நுனியில் நட்டும் அதைப் பூட்டுகிற நட்டும் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பிக்கு விடுதலை வரும்படி மற்றதைத் திருப்புங்கள். பெடலைக் கையால் அழுத்தும்போது ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் பாரமில்லாமல் இறங்கி, பிறகு பாரம் தட்ட வேண்டும். பூட்டு நட்டைத் திரும்ப இறுக்க மறக்காதீர்கள்.

இதன் பிறகும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது எஞ்சினின் பின்பக்கத்தால் ஓயில் கசிந்து அதில் பட்டுவிட்டது. கிளச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஓயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கேள்வி: மாரி மழைக்கு மூன்று மாதம் காரை வெளியே எடுக்கவில்லை. இப்போது கிளச்சை மிதித்தாலும் எந்தக் கியரும் விழவில்லை. முன்பு ஒரு குறையும் இருக்கவில்லை.
— வாசகர், கிண்ணியா

பதில்: பிளேட் துரு பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டது. கார்த்திகை, மார்கழி ஈரத்துக்குக் கடலோரத்தில் அடிக்கடி நடக்கிறது. பெடலை மிதித்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து இரண்டு நாள் விடுங்கள். பல வேளை அதிலேயே விட்டுவிடும். விடாவிட்டால் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்துங்கள். முன்னால் நூறு யார் தூரத்துக்கு ஆளோ மதிலோ இல்லாத வெளியில், இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். கார் உடனே நகரும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். மெல்ல ஓடவிட்டு, கிளச்சை மிதித்தபடியே அக்சிலேட்டரை ஒருமுறை கொடுத்து விடுங்கள். ஒரு சின்ன உதறலோடு பிரியும். தனியாகச் செய்ய வேண்டாம். அடுத்த மழைக்கு வாரம் ஒருமுறையாவது ஸ்டார்ட் பண்ணி, கிளச்சைப் பத்துத் தரம் மிதித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய எம்.ஜி. மிட்ஜெட்டில் ஓட்டப் பழகுகிறேன். சந்தியில் நிற்கும்போது கிளச்சை மிதித்துக்கொண்டு கியரிலேயே நிற்பேன். அப்பா ஏசுகிறார். மற்றக் கார்களில் எல்லோரும் இப்படித்தானே நிற்கிறார்கள்?
— வாசகி, உப்புவெளி

பதில்: மகள், அப்பா சொல்வது சரி. இப்போதைய கார்களில் கிளச்சை அழுத்துவது குண்டுகள் உள்ள பெயரிங். மிட்ஜெட்டிலும் எம்.ஜி.பி.யிலும் அந்த வேலையைச் செய்வது ஒரு கார்பன் வளையம். நீங்கள் மிதித்திருக்கும் நேரமெல்லாம் அது சுழல்கிற இரும்பில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். மிதிக்காதபோது தேய்வது மிகக் குறைவு. சந்தியில் நின்றால் நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுங்கள். ஓடும்போதும் இடது காலைப் பெடலின் மேல் வைத்திருக்காதீர்கள், பக்கத்தில் தரையில் வையுங்கள். அந்த வளையம் முடிந்தால் அதை மாற்ற உங்கள் காரிலும் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும்.

கேள்வி: கிளச் ஓயில் ஊற்றும்போது புதுப் பெயின்டில் சிந்திவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், லிங்கநகர்

பதில்: துணியால் தேய்க்கக் கூடாது, மென்மையான பெயின்ட் துணியோடு வந்துவிடும். உடனே தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், இந்த ஓயில் தண்ணீரில் கரையும். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிடாமல் ஒற்றி எடுங்கள். அடுத்த முறை ஓயில் போத்தலைத் திறக்க முன்பே ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.